தொட்டியில் இறங்கிய கொழுப்பு

பஸ் டிப்போவுக்கு எதிரே ஒரு சோபாக் கடை இருந்தது. கடை கடையாக இருந்த காலத்தில் உள்ளே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அதையும் நிறுத்திவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார்கள். இப்போது அதே வாசலில் கால் வைக்க இடமில்லை. விடிவதற்கு முன்பே வரிசை. குடையை வைத்து இடம் பிடிக்கிறார்கள், செருப்பை வைத்து இடம் பிடிக்கிறார்கள். மாபெரும் தள்ளுபடி என்ற பழைய பலகையின் மேலேயே புதுப் பலகையை அடித்திருந்தார்கள். 'இதயத் தெளிவு நிலையம். கத்தி இல்லை, ஊசி இல்லை, மாத்திரை இல்லை. காலை நனையுங்கள், மாரடைப்பை மறந்துவிடுங்கள்.'

ஒரு விஷயத்தை மறப்பதற்கு இத்தனை பேர் முண்டியடித்து நான் பார்த்ததில்லை.

உள்ளே இருந்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாரும் தெளிவு ஐயா என்றார்கள். கணுக்கால் வரை வெள்ளை அங்கி, நெஞ்சு வரை தாடி, காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுவது போன்ற குரல். நீங்கள் டாக்டரா என்று கேட்டால் புன்னகை செய்வார். டாக்டர் இல்லையா என்று கேட்டாலும் அதே புன்னகைதான். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் சொல்லத் தெரிந்தவரை நம்மவர்கள் மகான் என்று சொல்லாமல் என்ன செய்வார்கள்?

வைத்தியம் இப்படி. விற்காமல் போன சோபா ஒன்றில் உங்களைச் சாய வைப்பார்கள். காலடியில் வெந்நீர்த் தொட்டி. ஐயாவின் மச்சான் வெள்ளைப் பொடி ஒன்றைக் கரண்டியால் அள்ளிப் போடுவார். அதற்கு 'ஈர்ப்புப் பொடி' என்று பெயர். நாக்கில் வைத்துப் பார்த்தால் கரித்திருக்கும். மரியாதை கருதி யாரும் வைத்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து வரும் இரண்டு கம்பிகளைத் தொட்டிக்குள் இறக்குவார்கள். பிறகு உங்கள் இடுப்பிலிருந்து தொட்டி விளிம்பு வரை கம்பளியால் மூடிவிடுவார்கள். வெளிச்சம் பட்டால் கொழுப்பு பயந்து மறுபடி உள்ளே போய்விடுமாம். கொழுப்புக்குக் கண் உண்டு என்பதைக் கண்டுபிடித்துச் சொன்ன முதல் ஆள் தெளிவு ஐயாதான்.

ஸ்விட்சைப் போட்டதும் பெட்டி உறுமும். ஐயா கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் கம்பளியை விலக்கினால் தண்ணீர் செம்மண் நிறமாகியிருக்கும். மேலே நுரை, அடியில் செதில் செதிலாகக் கசடு. அதைப் பார்த்துச் சிலர் அழுதார்கள்.

"இத்தனையும் என் நெஞ்சுக்குள்ளயா இருந்துச்சு?"

"இது மேலாப்பல இருந்தது. அடியில இருக்கறது இனிமேதான் வரணும்."

அடுத்த முறை வந்தால் நிறம் குறைவாக இருக்கும். அதற்கடுத்த முறை இன்னும் குறைவு. கடைசியில் வெறும் தண்ணீர் வெறும் தண்ணீராகவே இருக்கும். அன்று ஐயா உங்கள் சட்டையில் இதய வடிவில் ஒரு செம்புத் தகட்டைக் குத்திவிடுவார். உங்கள் இதயம் தெளிந்துவிட்டது. இனி வறுத்த கறி சாப்பிடலாம், சிகரெட் பிடிக்கலாம், மாத்திரையைத் தூக்கிப் போடலாம். மச்சானின் கரண்டி ஒவ்வொரு முறையும் சின்னதாகிக்கொண்டே வந்ததை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. வந்தவர்கள் தண்ணீரைப் பார்க்க வந்தவர்கள்.

படிக்காதவர்கள்தான் ஏமாந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வரிசையில் பாலம் கட்டும் என்ஜினியர் ஒருவர் நின்றார். நெஞ்சில் அடைத்தது குதிகால் வழியாக எப்படி இறங்கும், போகிற வழியில் எங்கேயும் சிக்காதா என்று அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கிற நேரத்தில் இடம் போய்விடும் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

ஆனால் யாரை விடவும் அதிகமாக இடிபட்டுக்கொண்டு நின்றவர்கள் டிப்போக்காரர்கள். அதற்குக் காரணம் உண்டு. வண்டிக்கு அடியில் கறுப்பாக எது இறங்கினாலும் டிப்போவில் இருப்பவர்களுக்கு மனசு லேசாகும். பழைய ஆயில் இறங்கிவிட்டது, எஞ்சின் இனி நன்றாக ஓடும் என்று அர்த்தம். மனிதனும் அப்படித்தான் என்று அவர்களிடம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அழுக்குத் தண்ணீரைப் பார்த்ததும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவர்தான் நம் டிரைவர். நகரத்தைச் சுற்றி வரும் பஸ்ஸை ஓட்டுகிறவர். தினமும் வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். டயரை உதைப்பார், குனிந்து அடியில் பார்ப்பார், பிரேக்கை அழுத்திக் காதைக் கொடுத்துக் கேட்பார். காற்றுச் சத்தம் கொஞ்சம் மாறினாலும் வண்டியை எடுக்க மாட்டார். மேலதிகாரி வந்து கத்தினாலும் மாட்டார். அவ்வளவு உஷாரான மனிதர். அந்த உஷார் எல்லாம் வண்டிக்கு. சொந்த உடம்பை அவர் வருஷக்கணக்கில் திரும்பிப் பார்த்ததில்லை.

டிப்போவில் ஒரு நாள் மருத்துவ முகாம் போட்டார்கள். போகாமல் நழுவப் பார்த்தவரை வாசலிலேயே பிடித்து உட்கார வைத்தார் டாக்டரம்மா.

"பிரஷர் அதிகம். கெட்ட கொழுப்பு அதிகம். சர்க்கரை கோட்டு மேல நிக்குது. அப்பா இருக்காரா?"

"இல்ல. மாடிப்படியில உக்காந்தார், எழுந்திருக்கல."

"என்ன வயசு அப்போ?"

"இப்ப எனக்கு ஆகற வயசுதான்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "சிகரெட்?"

"எப்பவாவது."

"எப்பவாவதுன்னா?"

"வண்டி நிக்கறப்ப."

"வண்டி எப்ப நிக்கும்?"

"ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்கும் மேடம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மாத்திரை எழுதினார். சிகரெட்டை விடச் சொன்னார், தினமும் வேர்க்க வேர்க்க நடக்கச் சொன்னார், உப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சோதனைக்கும் நாள் வாங்கிக் கொடுத்தார். "ஓடற பட்டை மேல நடக்க வெச்சு இதயத்தைப் பார்ப்பாங்க. வலி கிடையாது. இப்பவே பார்த்தா சின்ன வேலையோட முடியும். விட்டுட்டா யாரால என்ன பண்ண முடியும்னு சொல்ல முடியாது."

இவ்வளவு சொன்னதில் டிரைவரின் காதில் விழுந்தது, அவர் சொல்லாத ஒன்றுதான். சோதனையில் ஏதாவது தெரிந்தால் ஸ்டீயரிங்கை விட்டு இறக்கிவிடுவார்கள். டிப்போ ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து, வருகிற வண்டிக்கு நேரம் குறிக்கச் சொல்வார்கள். அதை நினைத்தாலே அவருக்கு நெஞ்சு அடைத்தது. உண்மையிலேயே அடைப்பு இருக்கிறதா என்ற பயம் அதற்கு அடுத்ததுதான்.

இந்த நிலையில் ஒருவரிடம் கண்டக்டர் வந்து பேசினால் என்ன ஆகும்?

கண்டக்டர் அதே வண்டியில் பின்னால் நிற்பவர். டிக்கெட் கொடுக்கிற வாய் சும்மா இருக்காது. ஏற்கெனவே செம்புத் தகடு குத்திக்கொண்டவர். ஆள் பிடித்துக் கொடுத்தால் அவருக்குத் தொட்டி இலவசம் என்பதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

"அண்ணே, மாத்திரைங்கறது என்ன? உள்ள இருக்கற அழுக்கை அமுக்கி வெக்கறது. ஐயா அப்படி இல்ல. இறக்கிருவாரு. நம்ம சர்வீஸ் பள்ளத்துல ஆயில் இறக்கற மாதிரி."

"சோதனைக்கு நாள் குடுத்திருக்காங்களே."

"தெளிவாகிட்டு போங்க. அப்புறம் சோதனையில என்ன தெரியப் போகுது? வெறும் தண்ணிதான் தெரியும்."

டிரைவர் போனார். முதல் முறை தண்ணீர் செங்கல் நிறமாயிற்று. வீட்டுக்கு வரும்போது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மாத்திரை அட்டையை மேஜை டிராயரில் போட்டு மூடினார். இனி அதற்கு வேலையில்லை என்று மனைவியிடமும் சொன்னார்.

மனைவி சாக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவர். கடைவீதியில் எல்லாருக்கும் அவர் சாக்ஸ்காரம்மா. பேச்சு கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் கேள்வி கேட்காமல் ஒரு பொருளைக் கையில் வாங்க மாட்டார். காலுறையை இழுத்துப் பார்க்காமல் வாங்கிப் போகிற வாடிக்கையாளரைக் கண்டால் அவருக்கே கோபம் வரும்.

"நெஞ்சுல இருக்கறது காலு வழியா வருதுன்னா, காலுல என்ன ஓட்டையா இருக்கு?"

"வேர்வை வரல? அந்த மாதிரி."

"வேர்வை வந்தா சாக்ஸ் ஈரமாகும். செங்கல் நிறமாகாது. நான் எத்தனை காலு பாத்திருக்கேன்."

"உனக்கு எல்லாத்துலயும் குதர்க்கம்."

இரண்டாம் முறை போய் வந்தார் டிரைவர். நிறம் குறைந்திருந்தது. ஆனால் வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்றார். இடது தோளைப் பிடித்துக்கொண்டார். தாடைக்குள் ஏதோ இறுக்கியது. கொஞ்சம் நின்றதும் விட்டுவிட்டது. மேலே நின்ற மனைவி அதைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல. ஐயா சொல்லியிருக்காரு. கொழுப்பு இடம் மாறி இறங்கறப்ப அப்படித்தான் இழுத்துப் பிடிக்குமாம். நல்ல அறிகுறி."

சாக்ஸ்காரம்மா அந்தப் படியைப் பார்த்தார். மாமனார் உட்கார்ந்து எழுந்திருக்காத படி இதே படிதான். சாக்ஸ்காரம்மா கெஞ்சினார், திட்டினார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார். டாக்டரம்மாவிடம் போய் இந்த வலியைச் சொல்லலாம் வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தார். டிரைவர் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசித் தொட்டி. தகடு குத்திக்கொண்டதும் சோதனையே தேவையில்லை என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பப்போவதாகச் சொன்னார்.

"நீங்க ஒரு வண்டியில இந்தச் சத்தம் கேட்டிருந்தா எடுப்பீங்களா?" என்று கேட்டார் மனைவி.

டிரைவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

மறுநாள் சாக்ஸ்காரம்மா ஒரு வேலை செய்தார். எல்லாரும் செய்திருக்க வேண்டிய வேலைதான். நேரே சோபாக் கடைக்குப் போய்ச் சன்னல் வழியாக நின்று பார்த்தார். ஐயாவைப் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். அதிலிருந்து வந்த இரண்டு கம்பிகளைப் பார்த்தார். எங்கேயோ பார்த்த கம்பிகள்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தபோதுதான் நினைவு வந்தது. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் வடிகட்டி விற்க ஒருவர் வந்தார். டை கட்டியிருந்தார், தாடி இல்லை. இதே குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, இரண்டு கம்பியை விட்டு ஸ்விட்சைப் போட்டார். தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. 'இதைத்தான் மேடம் உங்க குழந்தைங்க குடிக்கறாங்க' என்று காதுக்குப் பக்கத்தில் வந்து சொல்வது போன்ற குரலில் சொன்னார். அன்றைக்கு அந்த அழுக்கு குழாய்த் தண்ணீரிலிருந்து வந்தது. இன்றைக்கு அதே அழுக்கு மனிதர்களின் நெஞ்சிலிருந்து வருகிறது. வியாபாரம் முன்னேறியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாபெரும் தெளிவு விழா. கடைக்குள் இருந்த தட்டிகளை எடுத்துவிட்டு மேடை போட்டிருந்தார்கள். மேடை நடுவில் இருப்பதிலேயே பெரிய சோபா. எல்லார் முன்னாலும் நிறைய பேருக்குத் தெளிவு செய்து காட்டப் போகிறார் ஐயா. டிரைவர் முன்வரிசையில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். தகடு குத்த வசதியாகச் சட்டைப் பையைக் காலி செய்து வைத்திருந்தார். கண்டக்டர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஆட்களை மேடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அடுத்து லேடீஸ் யாராவது வரலாம்," என்றார்.

கையில் பெரிய கடைப் பையோடு சாக்ஸ்காரம்மா எழுந்தார்.

"அண்ணியா? வாங்க வாங்க," என்றார் கண்டக்டர். முன்வரிசையில் டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வழியாக வழிக்கு வந்துவிட்டாள் என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெண்கள் விஷயத்தில் ஐயா பண்பானவர். அவர்கள் காலை ஆண்கள் பார்க்கக் கூடாது என்று மச்சானையும் திரும்பச் சொல்லித் தானும் முதுகைக் காட்டி நிற்பார். பெண்கள் தாங்களே காலை இறக்கித் தாங்களே கம்பளியைப் போர்த்திக்கொள்ள வேண்டும். அந்தப் பண்பு அன்றைக்கு அவருக்கே வேலை வைத்தது. சாக்ஸ்காரம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு கம்பளியைக் கழுத்து வரை இழுத்தார். உள்ளே கொஞ்ச நேரம் ஏதோ அசைந்தது. பிறகு, "ஆச்சு," என்றார்.

மச்சான் வந்து கரண்டி நிறையப் பொடி போட்டார். முதல் தடவை வருகிறவர் அல்லவா, தாராளமாகவே போட்டார். பெட்டி உறுமியது. ஐயா கண்ணை மூடினார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நேரம் ஆனதும் ஐயா கம்பளியின் ஓரத்தை மட்டும் தூக்கித் தண்ணீரை எட்டிப் பார்த்தார். தண்ணீர் வழக்கத்தைவிடச் சிவப்பு. ஐயாவின் முகம் கனிந்தது.

"அம்மா, பொறுமையா கேளுங்க. ரெண்டு அடைப்பு. இடது பக்கம் பெருசு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கய்யா."

"எண்ணெய்ப் பலகாரம் அதிகம். ராத்திரி தூக்கம் இல்ல. மனசுல கவலை நிறைய. வீட்டுக்காரரைப் பத்தின கவலை."

கூட்டம் அசந்துபோய் முணுமுணுத்தது. கவலையே இல்லாத மனைவி யாராவது ஊரில் இருந்தால் ஐயா மாட்டியிருப்பார்.

"இந்தக் காலுக்கு உடையவங்களுக்கு உயிருக்கு ஆபத்து உண்டாய்யா?" என்று கேட்டார் சாக்ஸ்காரம்மா.

"விடாம வந்து ஊறினா பயமில்ல. இல்லன்னா நான் பொறுப்பில்ல."

"மைக்குல சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

ஐயா ஒலிபெருக்கியை வாங்கிச் சொன்னார். தெளிவாகவே சொன்னார். சாக்ஸ்காரம்மா கம்பளியைத் தூக்கிக் கீழே போட்டார். அவர் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு காலும் நனையாமல் அவர் மடிக்குக் கீழேயே இருந்தன. தொட்டியில் நின்றவை வேறு இரண்டு. கடைக் கண்ணாடிக்குள் காலுறை மாட்டிக் காட்டுகிற பிளாஸ்டிக் கால்கள். அவற்றைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். நீர் சொட்டியது. ஒன்றின் குதிகாலில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாவம், இதுக்கு ரெண்டு அடைப்பு," என்றார் சாக்ஸ்காரம்மா. "இடது பக்கம் பெருசாம். எண்ணெய்ப் பலகாரத்தை யார் இதுக்குக் குடுத்தாங்கன்னு தெரியல. கடையில நாங்க இதுக்கு ஒண்ணும் போடறதில்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்னால் வருவதற்குள் ஐயா முந்திக்கொண்டார். சாமானியர் இல்லை.

"சந்தேகத்தோட வந்தீங்க. ஆனா என்ன ஆச்சு பாருங்க. நீங்க உக்காந்த சோபா வழியா உங்க கொழுப்பு பிளாஸ்டிக்குல இறங்கி, பிளாஸ்டிக்கையும் தாண்டித் தண்ணிக்கு வந்துடுச்சு. இதுதான் மெஷினோட சக்தி."

நீங்கள் நம்ப மாட்டீர்கள், பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். இரண்டு பேர் கை தட்டினார்கள். பாலம் கட்டும் என்ஜினியர் அதில் ஒருவர்.

சாக்ஸ்காரம்மா சோபாவை விட்டு இறங்கினார். "சரி. அப்ப யாரும் உக்கார வேணாம். புதுத் தண்ணி, அதே பொடி, அதே கரண்டி. மெஷினை மட்டும் ஓட்டுங்க. சோபாவுக்கு அடைப்பு இருக்கான்னு பாத்துருவோம்."

"மெஷின் சூடாயிருக்கு," என்றார் மச்சான்.

"ஆறட்டும். நாங்க உக்காந்திருக்கோம்."

"ஆள் இல்லாம ஓட்டினா கெட்டுப்போயிடும்," என்றார் ஐயா.

அப்போதுதான் டிரைவர் எழுந்தார். மனைவி மானத்தை வாங்கிவிட்டாள் என்று முகம் சிவந்திருந்தது. ஐயாவைக் காப்பாற்றத்தான் அவர் மேடை ஏறினார். "ஓட்டிக் காமிங்கய்யா. ஆள் இல்லாம ஓட்டறப்ப தண்ணி தண்ணியாவே இருக்கும். இவ வாயும் அடங்கும்," என்றார். நம்பிக்கைக்காரர் ஒருவரே கேட்கும்போது ஐயாவால் எப்படி மறுக்க முடியும்? கூட்டமும் ஓட்டு, ஓட்டு என்றது.

டிரைவரே பழைய தண்ணீரைக் கொட்டினார். தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். குழாயில் புதுத் தண்ணீர் பிடித்து வந்து வைத்தார். மச்சான் கொஞ்சமாகப் பொடி எடுக்கப் போக, சாக்ஸ்காரம்மா கரண்டியைப் பார்த்தார். மச்சான் நிறைய எடுத்துப் போட்டார். கம்பளி வேண்டாம் என்றார்கள். ஸ்விட்சைப் போட்டது டிரைவர்தான்.

சோபா காலியாக இருந்தது. பெட்டி உறுமியது. கம்பிகளைச் சுற்றிக் குமிழ் வந்தது. பிறகு கம்பியிலிருந்து புகை போல ஒரு மஞ்சள் கிளம்பித் தண்ணீரில் பரவியது. மஞ்சள் சிவப்பாயிற்று. சிவப்பு செம்மண்ணாயிற்று. மேலே நுரை கட்டியது. 

டிரைவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஒரு கம்பியை வெளியே எடுத்தார். அது பாதி தின்னப்பட்டிருந்தது. தண்ணீரில் விரலை விட்டுக் கசடை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனார். பஸ்ஸின் அடிப்பகுதியில் வாழ்நாளெல்லாம் அவர் முகர்ந்த வாசனைதான் அது.

"துரு," என்றார். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "இது கொழுப்பு இல்ல. கம்பி அரிச்ச துரு."

ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.  நெற்றியில் வேர்வை பொங்கியது. கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு தள்ளாடிப் போய் அந்தக் காலிச் சோபாவில் உட்கார்ந்தார். மச்சானுக்குக் கூட்டம் மறந்துவிட்டது, வேஷம் மறந்துவிட்டது. தன் அக்காவின் புருஷன்தான் நினைவில் இருந்தார்.

"மாமா, காலையில மாத்திரை போட்டீங்களா இல்லையா? பிரஷர் ஏறிடும், இந்தாங்க," என்று தன் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கிழித்து ஐயாவின் கையில் ஒரு மாத்திரையை வைத்தார்.

டிரைவர் அட்டையைப் பார்த்தார். வெள்ளி அட்டை, ஓரத்தில் பச்சைக் கோடு. அதே அட்டை அவர் வீட்டு டிராயரில், பாதிக்கு மேல் தீராமல் கிடக்கிறது.

"இது என்ன மாத்திரை?"

"சத்து மாத்திரை," என்றார் ஐயா. இந்த முறை அந்தக் குரல் காதுக்குப் பக்கத்தில் வரவில்லை.

"இதே சத்து மாத்திரையைத்தான் எங்க டாக்டரம்மா எனக்கு எழுதிக் குடுத்தாங்க. உங்க பேச்சைக் கேட்டு நான் அதை நிறுத்தினேன்." டிரைவர் அட்டையைக் காட்டினார். "என்னை நிறுத்தச் சொல்லிட்டு நீங்க வேளை தவறாம போட்டுக்கறீங்க. நீங்க ஏன்யா தொட்டியில காலை வெக்கல?"

ஐயா மாத்திரையை விழுங்கினார். விழுங்காமல் என்ன செய்வார், உயிர் யாருக்கும் வெல்லம்தானே. கூட்டத்தின் உயிர்தான் அவருக்கு வெறும் தண்ணீர்.

பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. சட்டைகளிலிருந்து செம்புத் தகடுகள் கழன்று மேடையில் விழுந்தன. போலீஸ் வந்தது. பாலம் கட்டும் என்ஜினியர், மின்சாரம் உப்புத் தண்ணீரில் பாய்ந்தால் இரும்பு அரித்துப் போகும், இது பள்ளிக்கூடப் பாடம் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நல்ல விளக்கம். கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாம். கண்டக்டரோ ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகம் அண்ணி," என்றார்.

டிரைவர் எதையும் கேட்கவில்லை. மேடையில் இருந்து இறங்கும்போது தாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் நின்றார். இந்தத் தடவை அதை நல்ல அறிகுறி என்று சொல்லவில்லை.

"வலிக்குது," என்றார் மனைவியிடம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு இத்தனை நாள் ஆயிற்று. "பயமா இருக்கு."

"எனக்கும்தான். வாங்க போலாம்."

பட்டை மேல் நடக்க வைக்கக்கூட இல்லை. வலியைச் சொன்னதுமே பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. அதை விரித்து விட்டார்கள். "படியில வலிச்சப்பவே வந்திருக்கணும். நல்ல வேளை, முழுசா அடைக்கறதுக்குள்ள வந்தீங்க," என்றார் அங்கிருந்த டாக்டர். சாக்ஸ்காரம்மா வெளியே வந்து, வராந்தாவில் நின்று, யாரும் பார்க்காமல் நன்றாக அழுதார்.

டிரைவர் பயந்தது நடந்தது. இப்போது டிப்போ ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வண்டிகளுக்கு நேரம் குறிக்கிறார். அடுத்த சோதனை நன்றாக வந்தால் ஸ்டீயரிங் திரும்பக் கிடைக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதற்காக விடியற்காலையில் மனைவியோடு வேர்க்க வேர்க்க நடக்கிறார். சிகரெட்டை விட்டுவிட்டார், விட்ட எரிச்சலை வீட்டில் காட்டுகிறார், வாங்கியும் கட்டிக்கொள்கிறார். மாத்திரை அட்டை டிராயரை விட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டது. டிப்போவில் புதிதாகச் சேரும் டிரைவர்களிடம், வண்டியைச் சுற்றிப் பார்த்தது போதும், உன்னையும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு வா என்று விரட்டுகிறார்.

போன வாரம் கண்டக்டர் ஓடி வந்தார். கண்ணில் பழைய பளபளப்பு.

"அண்ணே, மார்க்கெட் பின்னாடி ஒருத்தர் வந்திருக்காரு. காதுல ஊதியே அடைப்பை எடுக்கறாராம். வரிசை தெருமுனை வரைக்கும் நிக்குது."

டிரைவர் வந்த வண்டியின் நேரத்தைக் குறித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"அவர் சட்டைப் பையில என்ன மாத்திரை இருக்குன்னு பாத்துட்டு வா."

கண்டக்டர் இன்னும் திரும்பி வரவில்லை. வரிசையில் நிற்கிறார் என்று கேள்வி. அங்கே அவருக்கு முன்னால் நிற்பது நீங்களாக இருந்தால், தயவு செய்து அந்த மாத்திரைக் கேள்வியை நீங்களாவது கேளுங்கள். இடம் போனால் போகட்டும்.